காண்போர் கூற்று: திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் பற்றிய பொதுப்பார்வையாளர் மதிப்பீடுகள்

முன்னுரை

தமிழில் திரைப்படத் திறனாய்வு எனக் கொள்ளப்படுவது பெரும்பாலும் அச்சில் வந்த விமர்சனமே ஆகும். ‘16 வயதினிலே’ (1977) படத்திற்கு ஆனந்த விகடன் வழங்கிய 62.5 மதிப்பெண் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அப்படத்தைப் பார்த்து வெளிவந்தோர் தமக்குள் பேசிக்கொண்டவை அவ்வாறு நிலைபெறவில்லை. எனினும், ஒரு படத்தை அடுத்தவர் காண்பதும் தவிர்ப்பதும் பெரிதும் அத்தகைய பேச்சைப் பொறுத்தே அமைகின்றன. பொதுப்பார்வையாளரின் அன்றாடக் கூற்றுகளில் அமைந்துள்ள மதிப்பீட்டு முறையையும் அதன் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மெய்ப்பாட்டியலும் காண்போரும்

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளை விளக்கும் பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, உள்ளத்து நிகழும் குறிப்பு, உடம்பில் வெளிப்படும் சத்துவம் என நான்கு நிலைகளைக் காட்டுவார். ‘அழுதுவிட்டேன்’, ‘உடம்பு சிலிர்த்தது’, ‘சிரிப்பே வரவில்லை’ என்னும் பார்வையாளர் கூற்றுகள் இந்நான்காம் நிலையைச் சான்றாக வைப்பவை. ‘தூங்கிவிட்டேன்’ என்பதும் இவ்வகையினதே. எட்டின் வேறாகத் தொல்காப்பியர் அடுக்கும் மெய்ப்பாடுகளுள் துஞ்சலும் ஒன்று என்பது இங்கு நினையத்தக்கது. திறனாய்வாளர் முதல் நிலையாகிய சுவைப்பொருளிலிருந்து தொடங்குகிறார். பொதுப்பார்வையாளர் இறுதி நிலையிலிருந்து தொடங்குகிறார். இருவர் கூற்றும் ஒரே தொடர்ச்சியின் இரு முனைகள் எனலாம்.

மூவகைக் கூற்றுகள்

இக்கூற்றுகளைத் தொடரமைப்பு நோக்கி மூவகைப்படுத்தலாம்.

முதல்வகை, ‘எனக்குப் பிடித்தது’ என்பது போன்றது. இதில் நுகர்வோர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். பிறருக்கும் பிடிக்கும் என்னும் உரிமை இதில் கோரப்படுவதில்லை. ஆதலின் இதனை மறுத்தற்கும் இடமில்லை.

இரண்டாம் வகை, ‘படம் நன்றாக இருக்கிறது’, ‘இரண்டாம் பாதி இழுவை’ என்பன போன்றது. இங்குப் படைப்போ அதன் பகுதியோ எழுவாயாகிறது. கருத்து படைப்பின் பண்பாக மொழியப்படுகிறது. மறுப்புக்கும் வாதத்திற்கும் வழி பிறக்கிறது. இந்திய அரங்குகளில் நிலைத்த இடைவேளை வழக்கத்தால் தோன்றிய ‘முதல் பாதி, இரண்டாம் பாதி’ என்னும் பகுப்பு, கதைக்கட்டமைப்பு பற்றிய பார்வையாளரின் சொந்தக் கலைச்சொல்லாக வளர்ந்துள்ளது.

மூன்றாம் வகை, ‘ஓடும்’, ‘ஓடாது’ என்பது. இது கூறுவோரின் நுகர்ச்சியையும் சுட்டுவதில்லை. படைப்பின் பண்பையும் சுட்டுவதில்லை. பிற பார்வையாளர் என்ன செய்வர் என்னும் கணிப்பே இது. இங்குப் பார்வையாளர் தம் இருக்கையை விட்டு வணிகரின் இருக்கைக்குச் சென்றுவிடுகிறார்.

இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையை இரு படங்கள் காட்டும். பாடல்களே இல்லாத ‘அந்த நாள்’ (1954) வெளிவந்தபோது வணிக வெற்றி பெறவில்லை. இன்று அது முன்னோடிப் படமாகப் போற்றப்படுகிறது. ‘அன்பே சிவம்’ (2003) திரையரங்குகளில் தோல்வியுற்றுப் பின்னர்த் தொலைக்காட்சி மறு ஒளிபரப்புகளின் வழியே பெருந்திரளான விருப்பத்தைப் பெற்றது. ‘ஓடவில்லை’ என்பது உண்மையாக இருந்த காலத்திலேயே ‘எனக்குப் பிடித்தது’ என்பதும் சிலர்க்கு உண்மையாக இருந்திருத்தல் கூடும். மூன்றாம் வகைக் கூற்று ஓங்கும்போது முதல்வகைக் கூற்று வாய்திறக்கத் தயங்குகிறது. ஒரு படைப்பு உரிய காலத்தில் உரியவரைச் சென்றடையாமைக்கு இத்தயக்கமும் ஒரு காரணமாகலாம்.

தொடர்களில் ஏற்படும் மாற்றம்

திரைப்படம் முடிந்தபின் மதிப்பிடப்படுவது; தொலைக்காட்சித் தொடரோ முடியுமுன்பே நாள்தோறும் மதிப்பிடப்படுவது. ‘சித்தி’ (1999–2001), ‘மெட்டி ஒலி’ (2002–2005), ‘கோலங்கள்’ (2003–2009) போன்ற நெடுந்தொடர்கள் ஒளிபரப்பான காலத்தில் அவற்றை முழுமையாக வைத்துப் பேச இயலாது. ஆதலின் பேச்சு பாத்திரங்களின் செயல்மீது திரும்புகிறது. ‘அவள் அப்படிச் செய்திருக்கக் கூடாது’ என்பது அதன் பொதுவடிவம்.

இதனைக் கதையையும் வாழ்க்கையையும் பிரித்தறியாத பேதைமை எனக் கருதுவோர் உளர். தூர்தர்ஷனில் ‘ராமாயண்’ (1987–1988) ஒளிபரப்பானபோது தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு வழிபட்ட நிகழ்ச்சிகளையும் அவர்கள் சான்றாக்கலாம். ஆயின், அது தெய்வக்கதையின்மேல் முன்பே இருந்த பக்தியின் வெளிப்பாடு. குடும்பத்தொடர் பற்றிய பேச்சுக்கு அது பொருந்தாது. பாத்திரத்தைக் கடிந்த அதே பார்வையாளர் அடுத்த மூச்சில் ‘கதையை இழுக்கிறார்கள்’ என்கிறார். இத்தொடரில் தோன்றா எழுவாயாக நிற்போர் படைப்பாளர்கள். கதை ஒருவரால் செய்யப்படுவது என்னும் தெளிவு அவ்வினைமுற்றிலேயே அடங்கியுள்ளது. ஆகவே, பாத்திரத்தின்மீதான அறத்தீர்ப்பும் ஆக்கத்தின்மீதான கலைத்தீர்ப்பும் பொதுப்பார்வையாளரிடம் ஒருங்கே இயங்குகின்றன என்பது பெறப்படும்.

வரம்பு

பொதுப்பார்வையாளர் கூற்று காரணம் கூறாமல் நின்றுவிடுவது அதன் பெருங்குறை. ‘சுமார்’ என்னும் ஒரு சொல்லில் நடிப்பின் குறையும் திரைக்கதையின் குறையும் வேறுபாடின்றி மறைந்துவிடும். விடுபட்ட காரணத்தைத் தேடுவதே திறனாய்வாளரின் பணி. அக்கூற்றைப் புறந்தள்ளுவது அன்று.

தொகுப்புரை

• பொதுப்பார்வையாளர் கூற்று மெய்ப்பாட்டின் இறுதி நிலையைச் சான்றாக்கும் மதிப்பீடாகும்.
• நுகர்ச்சி, பண்பு, கணிப்பு என அது மூவகைப்படும். இவற்றுள் கணிப்பைக் கலைத்தீர்ப்பாகக் கொள்ளுதல் பிழைபடும்.
• நெடுந்தொடர் பற்றிய பேச்சில் அறத்தீர்ப்பும் கலைத்தீர்ப்பும் இணைந்து வருகின்றன.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதற் கலையரங்கு திரையரங்கே எனவும், அங்கு இருக்கையை வரையறுத்தது சமூகப் படிநிலை அன்று, வாங்கும் ஆற்றலே எனவும் கார்த்திகேசு சிவத்தம்பி சுட்டியுள்ளார். ஒருங்கே காணும் உரிமை பெற்றோர், கண்டதைப் பற்றிக் கூறும் உரிமையும் உடன்பெற்றனர். அக்கூற்றுகளை விடுத்து எழுதப்படும் திரைப்பட வரலாறு, உய்ப்போரை மட்டும் கூறிக் காண்போரை விட்டுவிட்ட வரலாறாகவே அமையும்.