ஹார்ட் டிஸ்க் எழும் பத்து நொடி

பழுதான கணினியின் மூடியைத் திறந்ததும் எதையும் கழற்றாமல், சுவிட்சைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இப்படிப்பட்ட காதுகளுக்குத்தான் பஞ்சம்.

மின்சாரம் பாய்ந்த முதல் பத்து நொடியிலேயே ஹார்ட் டிஸ்க் தன் நிலைமையைப் பெரும்பாலும் சொல்லிவிடும். மோட்டாரின் ஒலி சுருதி ஏறுவதுபோல் ஏறும். நிமிடத்துக்கு 7,200 சுற்றைத் தொட்டதும் அசையாமல் நிற்கும். பிறகு தரவைப் படிக்கும் ஹெட், சுழலும் தட்டின் மேல் வந்து சேரும் சின்ன 'டிக்'. இந்த வரிசை எங்கே முறிகிறது என்பதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

ஒலி ஏறி, பாதியில் விழுந்து, மறுபடி ஏறுகிறதா? "டிஸ்க் போச்சு" என்று சொல்வது சுலபம். கைதேர்ந்தவர் அப்போதுதான் மல்டிமீட்டரை எடுப்பார். 3.5 அங்குல டிஸ்க்கில் மோட்டாருக்கு 12 வோல்ட், மின்னணுப் பலகைக்கு 5 வோல்ட். சும்மா சுழலும்போது அது தின்பது ஏறக்குறைய 5 வாட். படிக்கும்போதும் எழுதும்போதும் 6 முதல் 8 வாட். ஆனால் நின்று கிடக்கும் தட்டுகளை உருட்டிவிடும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் வயரில் மட்டும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 20 வாட்டைத் தாண்டிவிடும்! கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். வயதானதாக இருந்தால் தடுமாறுவது அப்போதுதான். மஞ்சள் வயரில் ஒரு முனை, கறுப்பு வயரில் ஒரு முனை வைத்து, டிஸ்க் எழும் நேரத்திலேயே அளக்க வேண்டும். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பழி டிஸ்க்கின் மேல் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்தால் தலை உப்பிய கெப்பாசிட்டர் ஒன்றாவது அநேகமாக இருக்கும். பல டிஸ்க்குகள் உள்ள சர்வர்களில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பாமல் ஒவ்வொன்றாக எழுப்புவதும் இந்த முதல் இழுப்புக்குப் பயந்துதான்.

யு.எஸ்.பி.யில் மாட்டும் 2.5 அங்குல டிஸ்க்கிலும் இதே கதைதான். எழும்போது அதற்கு 1 ஆம்பியர் வரை தேவைப்படும், யு.எஸ்.பி. 2.0 துளை தருவதாக ஒப்புக்கொண்டதோ 500 மில்லி ஆம்பியர். மெல்லிய நீள வயரை எடுத்துவிட்டுக் குட்டை வயரைப் போட்டு, கணினியின் பின்பக்கத் துளையில் மாட்டியதும், மின்சாரம் போதாமல் டிஸ்க் போட்ட 'டிக் டிக்' நின்றுபோவதைப் பார்ப்பதில் ஓர் ஆனந்தம் உண்டு.

எனக்கு மிகப் பிடித்த பழுது இன்னொன்று. டிஸ்க்கை மாட்டினால் கணினியே உயிர்பெறாது. கழற்றினால் நன்றாக ஓடும். டிஸ்க்கின் பலகையில் மின்வரத்துக்குப் பக்கத்தில் காவல் டயோடு ஒன்று இருக்கிறது. டிஸ்க் வெளிப்பெட்டியில் இருந்தபோது அதன் 12 வோல்ட் அடாப்டருக்குப் பதிலாக லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை யாராவது செருகிவிட்டால், அது தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு பலகையைக் காப்பாற்றும். மெக்கானிக் மீட்டரை வைக்கிறார், சுழி ஓம் காட்டுகிறது, கருகிய அந்த டயோடை எடுத்துவிடுகிறார். பலகையில் வேறு சேதம் இல்லையென்றால், செத்துவிட்டதென்று கைவிட்ட டிஸ்க் சுழல்கிறது. காவல் போன டிஸ்க் என்பதால், சரியான அடாப்டரில் மாட்டிக் கோப்புகளை உடனே வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வது வரைதான் அதற்கு வேலை.

காது கைவிடும் இடத்தில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவேடு உதவும். 5, 197 ஆகிய எண்களின் கணக்கு ஏறினால் தட்டுப் பரப்பில் கோளாறு. 199 மட்டும் ஏறினால் அநேகமாக டேட்டா கேபிள்தான்; மாற்றினால் தீர்ந்தது.

மின்சாரம் சட்டென்று போனால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டுகளின் வேகத்தையே மின்சாரமாக்கி, ஹெட்டைப் பத்திரமான இடத்தில் ஒதுக்கிவிடுகிறது டிஸ்க். இவ்வளவு அக்கறையோடு செய்யப்பட்ட பொருளை அளந்து பார்க்காமல் குப்பையில் போடக் கூடாது. அடுத்த முறை "டிஸ்க் மாத்தணும் சார்" என்று யாராவது சொன்னால், "12 வோல்ட் பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.