அளக்கப்பட்டவர் யார்?

மனித மனத்தின் வளர்ச்சியை அளந்து காட்டுவதாகக் கூறும் எந்த நூலைக் கையிலெடுத்தாலும், நாம் முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: அளக்கப்பட்டவர் யார்?

அமெரிக்க உளவியலறிஞர் லாரன்ஸ் கோல்பர்க், 1958-இல் அளித்த ஆய்வேட்டிற்காகச் சிகாகோ நகரின் 10 முதல் 16 வயதுச் சிறுவர்களிடம் ஒரு கதையைக் கூறினார். சாகக் கிடக்கும் மனைவிக்கு ஒரு மருந்து தேவை. கடைக்காரர் அடக்கத்தைப் போல் பத்து மடங்கு விலை கேட்கிறார். பணமில்லாத கணவன் அதைத் திருடலாமா? விடைகளைக் கொண்டு ஒழுக்க வளர்ச்சிக்கு ஆறு படிகளை அவர் வகுத்தார். உறவையும் பிறர் நலனையும் எண்ணுவது மூன்றாம் படி; பொது நீதிநெறி ஆறாம் படி. அந்த ஆய்வில் சிறுமியர் எவரும் இல்லை. பின்னர் அதே ஏணியில் பெண்களை நிறுத்திப் பார்த்து, பலர் மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டதாகக் கூறினர்.

கரோல் கில்லிகன் 1982-இல் வெளியிட்ட ‘வேறொரு குரலில்’ எனும் நூல் இதனை மறுத்தது. குறை பெண்களிடம் இல்லை, ஏணியில்தான் உள்ளது என்றார் அவர். பெண்களிடம் ஒலிப்பது பரிவின் குரல் என்றும் கூறினார். முதற்கூற்றை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம்; இரண்டாவதில் தயங்குகிறோம். 1984-இல் லாரன்ஸ் வாக்கர் பல ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் ஆண் பெண் வேறுபாடு காணப்படவில்லை. காணப்பட்ட சிலவற்றிலும் கல்வி, தொழில் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வு கலந்திருந்தது.

பழவேற்காடு ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில், மீன் விற்றுத் திரும்பிய பெண்களிடம் இக்கதையை நாமும் கூறினோம். முதியவர் ஒருவர், “ஊர்ப் பொம்பளைங்ககிட்ட சீட்டுப் பணம் இருந்திருக்குமே சாமி, அவன் கேட்டானா?” என்றார். அருகிலிருந்தவரோ, “பத்து மடங்கு கேட்டவன ஊர்க்கூட்டத்துல நிறுத்தாம, திருடுனவன மட்டும் விசாரிப்பீங்களா?” என்று சீறினார். முன்னது பரிவு, பின்னது நீதி. இருவருமே கூடை சுமக்கும் பெண்கள்.

இவ்வேரியில் ‘பாடு’ எனும் பழைய முறை உண்டு. எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கலும் முறைவரிசையும் தீர்மானிக்கின்றன. அவ்வுரிமை ஆண்களுக்கே உரியது. விதியைப் பேசும் அவை ஆண்களுக்கு வாய்க்கிறது. அவ்விதியின் விளைவை வீட்டில் சமாளிக்கும் பொறுப்பு பெண்களுக்கு வாய்க்கிறது. ‘ஆண் விதியைப் பேசுகிறான், பெண் உறவைப் பேசுகிறாள்’ என ஓர் ஆய்வாளர் இங்கு வந்து எழுதினால், அவர் கண்டது அவர்களின் இயல்பையா, அவர்கள் நிறுத்தப்பட்ட இடத்தையா?

நாமும் குற்றமற்றவரல்லர். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, தனியியல்பு நோக்கில் பெண்ணைக் குறையுற்ற ஆணாகக் கருதிய புனித தாமஸ் அக்குவினாசின் வரிகளைக் குருமடத்தில் ஐயமின்றிப் படித்தோம். பல ஆண்டுகளுக்கு முன், கணவனிடம் அடிபட்டுப் பங்கு இல்லத்திற்கு வந்து அழுத பெண்ணிடம், பொறுமையே பெண்மை என்று கூறி அனுப்பினோம். நாம் புகழுரையாக எண்ணிய அச்சொல் அவருக்கு விலங்காயிற்று. கில்லிகனின் பரிவுக் குரலும் அவ்வாறு பயன்படக்கூடும் என்பதே நமது அச்சம்.

மத்தேயு நற்செய்தியின் கானானியப் பெண், மகள்பால் கொண்ட பரிவினால் ஆண்டவரிடமே வழக்காடினார். ஆண்டவர் அவருடைய நம்பிக்கையைப் பாராட்டினார். பணிந்து போகுமாறு கூறவில்லை. பரிவும் நீதியும் அவரிடம் ஒரே குரலாய் ஒலித்தன. கில்லிகனின் நூலைப் படியுங்கள். படித்தபின், உங்கள் இல்லத்துப் பெண்களிடம் அக்கதையைக் கூறி, விடையை இறுதிவரை கேளுங்கள்.