சக்கரத்தின் மேல் ஒரு ஜாகை

சிப்காட் ஆலைகளை நம்பிப் பிழைக்க வந்தவர்களும் பெங்களூருக்கு நாள்தோறும் போய்வருகிறவர்களும் போட்டியிட்டு வாடகையை ஏற்றிவிட்ட ஓசூரில், வீட்டையே ஒரு வாகனமாக வாங்கிவிட்டால் என்ன என்ற யோசனை எவருக்கும் எழக்கூடியதே; எனக்கும் எழுந்ததனால், டெம்போ டிராவலர் ஒன்றின் உட்புறத்தைப் பிரித்துக் கட்டிலும் அடுப்பும் கழிவறையும் பொருத்திய ஒரு கேரவனைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்து, ஜூஜூவாடி எல்லையிலிருந்து கிருஷ்ணகிரி அணை வரை, நானும் என் மனைவியும் அதிலேயே ஜீவித்துப் பார்த்தோம்.

கட்டில் உத்தமம். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் 850 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால், இரவில் ஜன்னலைத் திறந்துவைத்தாலே போதும், போர்வை தேடவேண்டி வந்தது. ஆனால் ஐம்பது கிலோமீட்டர் இறங்கிக் கிருஷ்ணகிரி சேர்ந்ததும் அந்தச் சுகம் பறிபோயிற்று. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்கியிருப்பது 2.4 யூனிட் மின்சாரமே ஆகையால், மணிக்கு ஒரு யூனிட் விழுங்கும் ஏ.சி. இரண்டு மணி நேரத்தில் மௌனமாகிவிட, பாக்கி இராத்திரியைக் கைவிசிறியோடு கழித்தோம்.

நூறு லிட்டர் தொட்டி, இருவர் சிக்கனமாகக் குளித்தும் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கவில்லை. தண்ணீரையாவது சாலையோர ஹோட்டல்காரர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். கழிவறைப் பெட்டியை எங்கே கொட்டுவது என்று கேட்டபோது அவர்கள் முகம் மாறியதில் பிழை இல்லை. பெட்ரோல் பங்குக் கழிவறைகளே எங்களுக்குக் கதியாயின.

சூளகிரி அருகே கிளட்ச் போயிற்று. வண்டி பட்டறைக்குப் போனால் வீடும் பட்டறைக்குப் போகிறது என்னும் பிரத்தியட்ச உண்மை அன்றுதான் உறைத்தது. இரண்டு நாள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினோம்.

செலவைவிடச் சட்டமே பெரிய சங்கடம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, உரிமையாளர் வசிக்கும் இடமோ தொழில் செய்யும் இடமோ உள்ள மாநிலத்தில்தான் வண்டியைப் பதியச் சொல்கிறது. ஆகவே வீடில்லாதவன் வீட்டு வண்டி வாங்கவும் முதலில் ஒரு நிலையான விலாசம் வேண்டும்! எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 47-ஆவது பிரிவின்படி கர்நாடகப் பதிவெண் வாங்கவேண்டும், அதனுடன் அங்குள்ள வரியும் சேரும். உட்புறத்தை அனுமதியின்றி மாற்றியிருந்தாலோ 52-ஆவது பிரிவு குறுக்கிடும். இன்ஷூரன்ஸ்காரர் கைவிரிப்பதற்கும் அதுவே ஹேதுவாகலாம். விற்கப் போனாலும் நஷ்டமே: பழைய வீட்டுக்கு மனையாவது மிஞ்சும், பழைய வண்டிக்கு இரும்பு விலைதான்.

லாரிகள் நிற்கும் திடலில் ஓர் இரவு, பக்கத்து வண்டியின் ஓட்டுநர் எங்கள் சமையலறையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "நான் இருபது வருஷமா வண்டியிலதான் படுக்கறேன் சார். ஆனா ஊர்ல வீட்டு வாடகையை மாசம் தவறாம கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஏலகிரிக்கோ ஒகேனக்கல்லுக்கோ நாலு நாள் உல்லாசமாகப் போய்வர இதைத் தாராளமாக வாடகைக்கு எடுக்கலாம். வாடகையை மிச்சம் பிடிக்கும் உத்தேசத்தோடு வாங்குவது உசிதமன்று. வாங்கியே தீருவேன் என்பவர், பதிவுச் சான்றில் அது கேம்பர் வேன் என்று ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கவும்.