மெசி பேர்குசன் 135: இரட்டைக் கிளச்சும் கியர் பெட்டியும்

மெசி பேர்குசன் 135 உழவு இயந்திரம் 1964 முதல் 1975 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் செய்யப்பட்டது. இலங்கையின் கிழக்கே கல்லோயாத் தண்ணீர் பாயும் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் இந்த இயந்திரத்துக்கு இரண்டு வேலை: போகத்தில் சேற்று உழவு, மற்ற நாளில் மண்ணும் கல்லும் ஏற்றிய பெட்டியை இழுப்பது. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் என்ஜின் இரண்டையும் தாங்கும். முதலில் தேய்வது கிளச்.

இதன் இரட்டைக் கிளச் அருமையான ஏற்பாடு. பெடலைப் பாதி அழுத்தினால் இயந்திரம் நிற்கும், பின்னால் சுழல் கலப்பை சுழன்றுகொண்டே இருக்கும். முழுதாக அழுத்தினால் கலப்பையும் ஹைட்ரோலிக் பம்பும் நிற்கும். முழுதாக அழுத்தியும் கலப்பை சுழன்றால் அதை ஓட்டும் இரண்டாம் தட்டு விடவில்லை என்று கொள்ளலாம். சக்கரங்களை ஓட்டும் பெரிய தட்டு வழுக்குகிறதா என்று அறிய, அதிவேகக் கியரில் பிரேக்கை அழுத்தியபடி கிளச்சை மெல்ல விட வேண்டும். என்ஜின் அடங்காமல் ஓடினால் தட்டு பிடிக்கவில்லை. பெடலில் காலை வைத்தபடியே பெட்டி இழுக்கும் பழக்கம் தட்டையும் பெயாரிங்கையும் சேர்த்தே தின்றுவிடும்.

135க்குச் சேசிஸ் கிடையாது. என்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டில் பூட்டப்பட்டவை. ஆகவே கிளச்சைத் தொட வேண்டுமானால் இயந்திரத்தையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஊசலாடும் முன் அச்சுக்கு இருபுறமும் மர ஆப்பு அடிக்காமல் பிரித்தால் என்ஜின் பாதி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். கராச்சுகளில் அவசரத்தில் விடுபடக்கூடாத வேலை இதுதான். பிறகு பற்றரி, வயர்கள், ஸ்டியரிங் தடிகள், ஸ்டார்ட்டர் மோட்டார் கழற்றப்படும். பின் பாதியைத் தாங்கியில் நிறுத்தி, என்ஜின் பாதி முன்னே உருட்டப்படும்.

உள்ளே கறுப்பு எண்ணெய் என்றால் என்ஜினின் பின் சீல் கசிகிறது. கியர் எண்ணெய் என்றால் கியர் பெட்டியின் முன் சீல். சீலை விட்டுத் தட்டை மட்டும் மாற்றுவது காசை வீணாக்கும் சிக்கனம். இவ்வளவு பிரித்த பிறகு இரண்டு தட்டுகள், ரிலீஸ் பெயாரிங், சீல்கள் யாவும் புதிதாகப் போக வேண்டும். பிளைவீலில் நீலத் திட்டோ வெடிப்போ தெரிந்தால் லேத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். வாங்கும் தட்டின் உட்பற்களைப் பழையதோடு எண்ணிப் பார்ப்பது நல்லது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பவை தண்டில் ஏறாமல் போகும்.

சேர்க்கும்போது தட்டுகளை நடுவில் பிடிக்க ஒரு பழைய தண்டு உதவும். பற்கள் பொருந்தாவிட்டால் பிளைவீலைச் சற்றுத் திருப்ப வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்தால் புதுத் தட்டு அங்கேயே வளைந்துபோகும்.

வழக்கமான கியர் பெட்டியில் முன்னுக்கு மூன்று பல்லிணைகளும் பின்னுக்கு ஒன்றும், கூடுதல், குறைவு என்ற இரு வீச்சுகளோடு சேர்ந்து முன்னுக்கு ஆறு, பின்னுக்கு இரண்டு கியர் தரும். கியர் விழும்போது நறுக்கென்று அரைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விடாத கிளச்சையே. போட்ட கியர் தானே கழன்றால் கியரைத் தள்ளும் போர்க்கும் அதன் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அதே எண்ணெய்தான் ஹைட்ரோலிக்குக்கும் என்பதால் கலப்பையைத் தூக்கும் விசையும் கெடும். கியர் பெட்டியைக் கழற்ற இன்னொரு இடத்திலும் பிரிக்க வேண்டியிருப்பதால், காரணமின்றித் திறக்கக்கூடாது.

கிளச் கூட்டின் அடியில் கசிவு வடிய ஒரு துளை உண்டு. சேற்று உழவின்போது அதை அடைத்து, உழவு முடிந்ததும் திறந்துவிட வேண்டும். புதுத் தட்டு படிந்த பின் பெடலின் வெற்றசைவு குறையும். அதை மறுபடி சரிசெய்த பின்னரே பாரப் பெட்டியைக் கொளுவ வேண்டும்.