ஆடும் ஷாஃப்ட், ஏறும் ரேஸ்

பழைய பெட்ரோல் கார் ஒன்றின் ஸ்லோ ஸ்பீடைக் கேட்டுப் பார்க்க ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் சாலையைப் போல வாகான இடம் வேறில்லை. ஏறி வந்த சூட்டோடு ஓரங்கட்டி, நியூட்ரலில் விட்டு, பானெட்டைத் தூக்கினால் போதும். ஹாரன் சத்தமோ லாரி இரைச்சலோ குறுக்கிடாது. எஞ்சின் சொல்வது முழுக்கக் காதில் விழும்.

வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. பெட்ரோல் அதே கணக்கில் குறைவதில்லை. ஆகவே மிக்சர் ரிச்சாகி, ஸ்லோ ஸ்பீடு சற்றுத் தளர்வதுதான் கார்புரேட்டர் வண்டிக்கு இயல்பு. தளர வேண்டிய இடத்திலும் ஒரு வண்டி உறுமிக்கொண்டு நின்றால், அதற்கு எங்கிருந்தோ காற்று வருகிறது என்று பொருள்.

பலர் இந்தத் தளர்வை இயல்பென்று விடுவதில்லை. மலை மேல் வண்டி ஓரிரு முறை அணைந்ததும் ஸ்க்ரூவைத் திருகி ரேஸைக் கூட்டிவிடுகிறார்கள். அதே வண்டி போளூர்ப் பக்கம் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் முன்னே தள்ளுகிறது. இரண்டாவது கியர் பிடித்து நிறுத்த வேண்டிய வளைவில் பிரேக் ஒன்றே பாரம் சுமக்கிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் கொண்ட பத்மினி காருக்கு இது பெரும் கேடு. டிரம் சூடேறினால் பெடல் இருக்கும், பிடிப்பு இருக்காது.

பத்மினி என்றதும் பேச்சு கொஞ்சம் நீளத்தான் செய்யும். 1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்து, 1974-இல் பத்மினி என்று பெயர் மாறிய அந்தக் காரின் 1089 சிசி எஞ்சின் சரியாக டியூன் ஆகிவிட்டால், ஓடுகிறதா என்று ஃபேனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரேஸ் இறங்காத பத்மினிக்குக் காரணங்கள் சில உண்டு: சோக் ஒயர் பாதியில் சிக்கியிருக்கலாம், ஆக்சிலரேட்டர் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) டைமிங் முன்னே போயிருக்கலாம், மேனிஃபோல்டு பேக்கிங் ஊதியிருக்கலாம். பேக்கிங் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சத்தம் மாறுகிறதா என்று பார்த்தால் கடைசிச் சந்தேகம் தீரும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேதான் சுலபம் என்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் எரியும் திரவத்தைப் பீய்ச்சுவதைவிடத் தண்ணீர் எவ்வளவோ மேல்.

இதெல்லாம் பார்த்த பிறகும் இறங்கவில்லை என்றால், கார்புரேட்டரின் பட்டர்ஃபிளை ஷாஃப்ட்டைத்தான் பார்க்க வேண்டும். ரசிகனுக்கு விருந்தே அங்கேதான்.

பல வருடங்கள் ஆக்சிலரேட்டர் இழுப்பும் ஸ்பிரிங்கும் ஒரே பக்கமாக இழுத்து இழுத்து, ஷாஃப்ட் உட்காரும் ஓட்டை முட்டை வடிவமாகிவிடுகிறது. அந்தச் சந்தில் காற்று நுழைகிறது. பட்டர்ஃபிளையும் கோணிக்கொண்டு முழுதாக மூடாமல் நிற்கிறது. ஸ்லோ ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்தாலும் ரேஸ் இறங்காததுதான் இதன் அடையாளம். எஞ்சின் ஓடும்போதே ஷாஃப்ட் நுனியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைவுக்கேற்பச் சத்தம் ஏறி இறங்கினால் ஆட்டம் உறுதி. ஷாஃப்ட் ஓரத்தில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விடுவது அதைவிட அழகான சோதனை. எண்ணெய் சந்தை அடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எஞ்சின் அடங்கி, எண்ணெய் உள்ளே இழுபட்டதும் மறுபடி எகிறும்.

கைத்திறன் தெரிவது சரிசெய்வதில்தான். பாடியை லேத்தில் கட்டி, இரண்டு ஓட்டைகளையும் ஒரே நேர்கோட்டில் விரித்து, பித்தளை புஷ் இறக்கி, புது ஷாஃப்ட்டுக்குத் தக்கபடி ரீமர் ஓட்ட வேண்டும். பட்டர்ஃபிளையின் இரண்டு ஸ்க்ரூவையும் தளர்வாகப் போட்டு, மூடி, தட்டி உட்கார வைத்து, பாடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டும். சுற்றுவட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் பிறை போல ஒளி தெரிந்தால் மறுபடி தளர்த்த வேண்டும். சரியாக உட்கார்ந்த பிறகு ஸ்க்ரூவை இறுக்கி, நுனியை நசுக்கிவிட வேண்டும். நசுக்காமல் விட்டால் அது கழன்று சிலிண்டருக்குள் போய்விடும்.

அம்பாசடர்காரர்கள் பழைய எஸ்.யூ. கார்புரேட்டரைத்தான் புகழ்வார்கள். ஒரே ஜெட், ஒரே ஊசி, தொல்லையில்லை என்பார்கள். எளிமையில் எஸ்.யூ.வுக்கு நிகரில்லை, ஆனால் அதன் ஷாஃப்ட்டும் தேயத்தான் செய்கிறது. ஸ்லோ ஜெட்டையும் மிக்சர் ஸ்க்ரூவையும் தனித்தனியே கொண்ட பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் டியூன் செய்பவரின் கைக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது, அந்தக் கையை அடையாளம் காணவும் முடிகிறது. ஸ்கேனர் போதும் என்கிற எம்பிஎஃப்ஐ தலைமுறையிடமும் சண்டையில்லை. த்ராட்டில் பாடியில் கரி, ஐடில் வால்வு அடைப்பு, கூலன்ட் குறைந்து டெம்பரேச்சர் சென்சார் தப்புக் கணக்குச் சொல்வது என்று அந்த வண்டிகளுக்கும் ரேஸ் ஏறுகிறது. கீறல் விட்ட ஒரு வேக்கம் ஹோஸைக் கண்டுபிடிக்க அங்கேயும் காதுதான் உதவுகிறது.

இப்போது பல பட்டறைகளில் பேக்கிங் வெட்டுவதற்குப் பதில் சிலிக்கான் பேஸ்ட்டை அப்புகிறார்கள். பெட்ரோலில் அது ஊறிப் பிய்ந்து ஜெட்டை அடைக்கிறது. ஷாஃப்ட் ஆடினால் புஷ் போடுவோர் அரிது. டூப்ளிகேட் கார்புரேட்டர் ஒன்றை மாட்டிவிட்டு, கம்பெனிப் பாடியைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். புதுசின் ஷாஃப்ட்டை மாட்டுவதற்கு முன் விரலால் அசைத்துப் பார்த்தாலே தெரியும், பல சமயம் அதுவும் ஆடுகிறது.