இடித்தது, அரைத்தது, பொதிந்தது

ஒட்டரிசியின் பசைக்குக் காரணம் எளியது. சாதாரண அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டும் உண்டு. ஒட்டரிசியில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லை. மலேசியத் தமிழர் கடையில் ‘புலுட்’ என்று கேட்டு வாங்குவது இதைத்தான். ஆனால் கிழக்காசியப் பலகாரங்களைத் தரம் பிரிக்க அரிசியை மட்டும் பார்த்தால் போதாது, செய்முறையையும் பார்க்க வேண்டும்.

இடிக்கும் மரபில் ஜப்பானிய மோச்சிக்குத்தான் முதலிடம். இரவெல்லாம் ஊறிய அரிசியை முழுதாக ஆவியில் வேகவைத்து, சூட்டோடு உரலில் கொட்டி, மரச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் நடுவே இன்னொருவர் ஈரக் கையால் புரட்டிக் கொடுக்க வேண்டும். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். பருக்கை தெரியக் கூடாது, இழுத்தால் சட்டென்று அறக் கூடாது: மோச்சிக்கு இதுதான் தேர்வு. ஆபத்தும் அந்த இழுவையில்தான். புத்தாண்டுக் காலத்தில் முதியவர்களுக்குத் தொண்டையில் சிக்கிவிடுவதால், சிறு துண்டாக நறுக்கிக் கொடுங்கள் என்று தோக்கியோ தீயணைப்புத் துறை எச்சரிக்கிறது. புத்தாண்டு சூப்பிலும் இரண்டு கட்சி உண்டு. தோக்கியோ பக்கம் சதுர மோச்சியைச் சுட்டுப் போடுவார்கள். கியோத்தோ பக்கம் உருண்டை மோச்சி, சுடாமல் வெந்தது. கருகிய ஓரத்தின் மணத்துக்காக என் ஓட்டு தோக்கியோவுக்கு.

கொரியர்களும் இடிக்கிறார்கள். வறுத்த சோயா மாவில் புரட்டிய இஞ்சொல்மி அப்படிப்பட்டதே. ஆனால் அவர்களின் வளம் மாவில்தான் இருக்கிறது. அடியில் துளையிட்ட மண்பானையில் அரிசிமாவும் சிவப்புப் பயறும் மாறிமாறி அடுக்கி வேகவைப்பதைப் பார்த்தால், புட்டுக்குழலில் தேங்காய்த்துருவல் போடும் கை நினைவுக்கு வரும். அறுவடைத் திருநாளின் சொங்பியொன் என்ற பலகாரத்தைப் பைன் ஊசியிலைகள் மேல் வைத்து ஆவி காட்டுவார்கள். அதற்கும், புத்தாண்டு சூப்பில் மிதக்கும் வெள்ளை வில்லைகளுக்கும் வழக்கமாக எடுப்பது ஒட்டாத அரிசி! சீனத்தின் நிங்போ நகரத்து நியன்காவ் என்ற பலகாரமும் அப்படியே. அங்கே பசையைவிடப் பல்லுக்குக் கிடைக்கும் எதிர்ப்புக்குத்தான் மதிப்பு. கான்டன் பக்கத்து நியன்காவ் வேறு இனம்: ஒட்டரிசி மாவும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்து அவித்த கட்டி. அன்று தின்பதைவிட, மறுநாள் வில்லை போட்டு முட்டையில் தோய்த்துப் பொரித்தால்தான் அது தன் குணத்தைக் காட்டும்.

வியட்நாமியரின் பான் சுங் பொதிந்து வேகவைக்கும் மரபைச் சேர்ந்தது. ஒட்டரிசிக்குள் பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும் வைத்து, ‘சோங்’ இலையில் சதுரமாகக் கட்டி, பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் அடுப்பில் வேகவிடுவார்கள். இறக்கியபின் பாரம் ஏற்றி நீரை வடிப்பார்கள். மூலை மழுங்கக் கூடாது. பிரித்தால் சோற்றின் மேல் இலைப்பச்சை ஏறியிருக்க வேண்டும். தெற்கே அதுவே வாழையிலையில் உருளையாகிப் பான் டெட் ஆகிறது.

வெறும் அரிசியில் இடித்த மோச்சி ஒரே நாளில் விறைத்துவிடும். ஆறும்போது மாவுச்சத்து மீண்டும் இறுகுவதால் இப்படி. சர்க்கரையைத் தாராளமாகச் சேர்த்தால் மென்மை நீடிக்கும். தென்கிழக்காசியத் தோதோல் என்ற இனிப்பு நாள்பட நிற்பது அதனால்தான். மோச்சி விறைப்பதை நான் குறை என்று எழுத மாட்டேன். ஜப்பானில் புத்தாண்டுக்கு வீட்டில் அலங்கரித்து வைக்கும் மோச்சி ஜனவரி 11 வாக்கில் கல்லாகியிருக்கும். அதைக் கத்தியால் அறுப்பது அமங்கலம் என்பதால், கையாலோ சுத்தியலாலோ உடைத்து, இனிப்பான பயற்றுக் கஞ்சியில் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள்.