தலைப்பில் இல்லாத மைனர்

எங்கள் அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை போலி மின்னஞ்சலைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுப்பார்கள். அதில் எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான். மோசடி பெரும்பாலும் தெரிந்தவர் பெயரில்தான் வரும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ (1936) நாவலை வாசித்தபோது அது மறுபடி ஞாபகம் வந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாவலாகப் பார்த்தால் இதில் குறைகள் நிறைய. பாத்திரங்கள் பேசுவதில்லை, பிரசங்கம் செய்கிறார்கள். அழகியலை மட்டும் எதிர்பார்த்துப் போகிறவர் பாதியில் மூடிவைத்துவிடுவார். ஆனால் ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று உள்ளிருந்து பார்த்தவரின் துல்லியம் இதில் இருக்கிறது. யாரை இழுப்பது, எப்படிக் கறப்பது, எப்போது கைவிடுவது, எல்லாமே கணக்கு. அந்தக் கணக்கைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள் தாய்.

எனக்குச் சிக்கல் தலைப்பில்தான். வலை விரிப்பவர்கள் தாசிகள், அறிவு பெறுபவர் மைனர். காவிரிப் பாசனத்தில் விளைந்த நெல்லை விற்று, அந்தக் காசில் ஊர் சுற்றிய மிராசு வீட்டுப் பையனைத்தான் டெல்டாவில் ‘மைனர்’ என்றார்கள். அவன் தப்பித்துவிட்டால் கதை சுபம்.

ஆனால் எழுதியவரின் வாழ்க்கை வேறு கதை சொல்கிறது. 1883இல் பிறந்த ராமாமிர்தம், சிறுமியாக இருந்தபோதே ஒரு தாசியிடம் விற்கப்பட்டவர். விலை பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. விற்றது சொந்தக் குடும்பம். காரணம் வறுமை. சட்டப்படி மைனர் என்றால் அந்தச் சிறுமிதான். தலைப்பில் அவளுக்கு இடமே இல்லை.

இதை அம்மையாரின் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தைக் கலை, புனிதம் என்று காப்பாற்றப் பேசியவர்கள் இருந்த காலம் அது. எதிர்க்க அவருக்குக் கூர்மையான ஆயுதம் தேவைப்பட்டது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆனாலும் பழி முழுவதையும் பெண்கள் மேல் இறக்கிவைக்கிற மொழி நம்மிடம் இன்னும் போகவில்லை. ‘அவளே விருப்பப்பட்டுத்தானே போனாள்’ என்று இன்றும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டே இல்லை என்கிறது சட்டம். 2013இல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 370ஆம் பிரிவிலும் அதுதான், இப்போதைய நியாய சன்ஹிதா 143ஆம் பிரிவிலும் அதுதான்.

ஆகவே இந்த நாவலைத் திருப்பிப்போட்டு வாசிக்கலாம். மைனருக்கு எச்சரிக்கையாக இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரருக்கான கையேடாக. முன்பணம் கொடுத்துவிட்டு வேலையின் பெயரைச் சொல்லாத தரகர். போகிற ஊரின் முகவரி இல்லாத பயணம். பள்ளியிலிருந்து திடீரென்று நின்றுபோகிற பெண். ஆதார் அட்டையையும் போனையும் ‘பத்திரமா’ வாங்கி வைத்துக்கொள்கிற சித்தப்பா முறைக்காரர். மழை பொய்த்து, வயல் காய்ந்து, கடன் ஏறுகிற மாதங்களில் இவர்களுக்கு வாசல் திறப்பது எளிது. சந்தேகம் வந்தால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. கூப்பிடுவதற்கு ஆதாரம் கையில் இருக்கவேண்டும் என்று இல்லை.

அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் இன்று ராமாமிர்தம் அம்மையார் பெயரில்தான் இருக்கிறது. அதில் உள்ள நியாயம் நாவலின் தலைப்பில் இல்லை. பத்து ரூபாய்க்குப் போன சிறுமியை அது ஒருவழியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.